பாப்பாவின் காலேஜ் விஷயமாக அண்ணனுக்கு

எடிசன், நியூ ஜெர்சி
ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணி சொன்னதிலிருந்து அதே நினைப்புதான். இங்கே குளிர் ஒருவழியாக விட்டது. வாசல் செர்ரி மரம் பூத்துக் கொட்டுகிறது. காலையில் கார்க் கண்ணாடியில் ஒட்டிய இதழ்களைத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

"பிசிக்ஸ் பிசிக்ஸ் என்று உயிரை விடுகிற பெண்ணைப் போய் ஆர்ட்ஸ் காலேஜில் சேர்க்கிறாயே, அமெரிக்கா போயும் அதுதானா?" என்று போனில் கேட்டீர்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. முப்பது வருஷம் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவருக்குப் பாதிப் பதில் சொல்லக் கூடாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் ஊரில் இஞ்சினியரிங், மெடிக்கல் கிடைக்காத பிள்ளைகள் சேரும் இடம் ஆர்ட்ஸ் காலேஜ் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்பது வேறு. பெயரில்தான் ஆர்ட்ஸ். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லாம் அதற்குள்தான். நாங்கள் பார்த்தவற்றில் மொத்தமே ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பிள்ளைகள். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முக்கியமான விஷயம், அங்கே பி.எச்டி மாணவர்களே கிடையாது. புரொபசரும் ஆராய்ச்சி செய்கிறார், அவருக்கு உதவிக்கு ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவார்? இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளையைத்தான்.

மரபணுவைத் திருத்துகிற கிரிஸ்பர் முறைக்காக 2020-இல் நோபல் வாங்கிய ஜெனிஃபர் டௌட்னா படித்தது கலிஃபோர்னியாவில் பொமோனா என்ற சின்ன காலேஜ். 1989-இல் கெமிஸ்ட்ரி நோபல் வாங்கிய தாமஸ் செக் படித்தது ஐயோவாவில் கிரின்னல். 1975-இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட டெமினும் பால்டிமோரும் ஸ்வார்த்மோர் என்ற காலேஜில் இளங்கலை படித்தவர்கள். இவ்வளவு ஏன், ராமனும் சந்திரசேகரும் படித்த நம் மாநிலக் கல்லூரியும் ஆர்ட்ஸ் காலேஜ்தானே? அவர்கள் இருவரும் மாணவர்களாக இருக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

பெரிய யுனிவர்சிடி ஒன்றிலும் போய் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு வகுப்பில் முந்நூறு பேருக்குக் குறையாது. புரொபசர் பாடம் நன்றாகவே நடத்தினார். ஆனால் லேபில் பார்த்துக்கொள்வது பி.எச்டி மாணவர்கள். அங்கே இருக்கிற கருவிகளைப் பார்த்தால் உங்களுக்குக் கண் விரிந்துவிடும், அதை நான் மறைக்கவில்லை. முட்டி மோதி முன்னால் போய் நிற்கிற பிள்ளைக்கு அது நல்ல இடம். பாப்பா அப்படி இல்லை. ஒரு சந்தேகத்தை மூன்று நாள் மனதில் போட்டு உருட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அப்படித் திறக்கும்போது எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அண்ணா.

கடைசியில் மூன்று இடம் கையில் இருந்தது.

மினசோட்டாவில் நார்த்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் கார்ல்டன். ஏப்ரல் முதல் வாரத்திலும் ஓரங்களில் பனி குவிந்து கிடந்தது. ஊரில் ஒரு தானியக் கஞ்சித் தொழிற்சாலை இருக்கிறது, காற்று அடித்தால் தெரு முழுக்கச் சத்துமாவு வறுக்கிற வாசனை. எனக்கு அந்த ஊரை மிகவும் பிடித்துப்போனது. 1887-இல் கட்டிய வானாய்வுக் கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. பாப்பா அதன் படியை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் வருஷத்தைப் பத்துப் பத்து வாரமாக மூன்று டெர்மாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பாடம். ஒன்றைப் பிடித்தால் விடாத பிள்ளைக்கு அந்த வேகம் ஒத்துவருமா என்று யோசனையாக இருந்தது.

ஆரிகனில் ரீட். நியூவார்க்கிலிருந்து ஆறு மணி நேர விமானம். காலேஜுக்குள்ளேயே ஒரு அணு உலை வைத்திருக்கிறார்கள், 1968 முதல் ஓடுகிறது. அதை இயக்குவது பெரும்பாலும் இளங்கலைப் பிள்ளைகள்தான். அரசாங்கத் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி உட்காருகிறார்கள். தண்ணீருக்கடியில் நீல வெளிச்சம் தெரியும், செரன்கோவ் கதிர் என்று நீங்கள் போர்டில் வரைவீர்களே, அதேதான். பாப்பா ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளையும் கடைசி வருஷம் ஒரு ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும் என்பதும் அங்கே நல்ல வழக்கம். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் நாட்டின் அந்தக் கோடிக்கு நான் எப்படிப் போவேன் என்பதுதான் என் கவலை.

மூன்றாவது ஸ்வார்த்மோர். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1864-இல் தொடங்கியது. ரயிலை விட்டு இறங்கினால் எதிரே காலேஜ். இருபுறமும் ஓக் மரம் நிற்கிற ஒரே நேர்ப்பாதை மேட்டில் ஏறி, பழைய கல் கட்டடத்தில் போய் முடிகிறது. அதில் நடந்தபோது, நீங்கள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னை காலேஜ் ஹாஸ்டலில் விட வந்த நாள் நினைவுக்கு வந்தது.

அங்கே ஒரு லேபில் பார்த்ததைச் சொல்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு ஒரு மேஜையில் லேசரை நேராக்கிக்கொண்டிருந்தார்கள். புரொபசருக்கு உங்கள் வயது இருக்கும். அவர் ஒரு கண்ணாடியைத் திருப்பத் திருப்ப, புள்ளி சுவரில் எங்கோ ஓடியது. பக்கத்தில் நின்ற மூன்றாம் வருஷப் பெண், "லென்ஸை மாற்றிப் போட்டிருக்கிறோம்" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். "ஆமாம், நீயே சரிசெய்" என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டார். அவள் லென்ஸை ஓரத்தில் பிடித்து, விரல் படாமல் திருப்பி வைத்தாள். புள்ளி வந்து துளையில் உட்கார்ந்தது. பாப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொன்று கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்கும். 1922 முதல் அங்கே ஆனர்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. கடைசி இரண்டு வருஷம் ஏழெட்டுப் பேராக உட்கார்ந்து படிக்கிறார்கள். முடிவில் பரீட்சை வைப்பது சொந்த ஆசிரியர் இல்லை, வெளி யுனிவர்சிடியிலிருந்து வருகிறவர்கள். எழுத்துத் தேர்வும் உண்டு, நேரில் கேள்வியும் உண்டு. நம் பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் வருவாரே, அதேபோல. மார்க் போடுவது வேறொருவர் என்பதால் வாத்தியாரும் பிள்ளையும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எக்ஸ்டர்னல் வருகிற நாளில் உங்கள் பிள்ளைகளை விட நீங்கள்தான் அதிகம் படபடப்பீர்கள் என்று அண்ணி சொல்வார்களே.

முதல் அரையாண்டில் மார்க்கே கிடையாது, தேறியதா இல்லையா என்று மட்டும்தான் எழுதுவார்கள். இரண்டு மார்க் குறைந்தால் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளைக்கு இது பெரிய வரம்.

குறை இல்லாமல் இல்லை. சின்ன இடம் என்பதால் மேல்மட்டப் பாடங்கள் எல்லாம் எல்லா வருஷமும் நடக்காது. எம்.எஸ்சி அளவில் ஏதாவது படிக்க ஆசைப்பட்டால் பிலடெல்பியாவில் இருக்கிற பென்சில்வேனியா யுனிவர்சிடிக்குப் போய் ஒரு பாடம் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ரயிலில் ஏறிப் போய்விடலாம். பக்கத்தில் ஹாவர்ஃபோர்ட், பிரின் மார் என்ற இரண்டு காலேஜிலும் படிக்கலாம். நடுவில் மனம் மாறினால் இஞ்சினியரிங்கும் அதே வளாகத்தில் இருக்கிறது. இந்த மாதிரிக் காலேஜ்களில் அது அபூர்வம்.

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்கினீர்கள் என்று தெரியும். வெளியே சொல்கிற கட்டணம் சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல். முதலில் பார்த்தபோது பாப்பாவின் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் நம் சம்பளம், சேமிப்பு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால், நம்மால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் பார்த்து மீதியை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்வார்த்மோரில் அந்த உதவியில் கடனைச் சேர்ப்பதில்லை. அப்படியும் கையைக் கடிக்கும். சமாளித்துவிடுவோம். நீங்கள் அந்த வயல் பேச்சை எடுக்கவே கூடாது, அண்ணா. அது அண்ணிக்கும் உங்களுக்கும்.

மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி அவளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஸ்வார்த்மோருக்குச் சரி என்று அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு நீங்கள் கொடுத்த ப்ரிஸத்தைத் தேடி எடுத்தாள். அவளுக்கு எட்டு வயதில் கும்பகோணம் வந்திருந்தபோது கொடுத்தீர்களே, ஒரு முனை உடைந்தது. அதைத் துணியில் சுற்றி, கொண்டுபோகிற சாமான்களில் முதலாவதாக எடுத்து வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்களைக் கூப்பிடுவாள், எங்களுக்கு அப்போது சனி ராத்திரி ஒன்பதரை. ஸ்பெக்ட்ரோமீட்டரில் ப்ரிஸத்தைச் சரியாக நிறுத்துவது எப்படி என்று மாமாவிடம்தான் கேட்க வேண்டுமாம். காபி குடித்துவிட்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை