கடை நடத்தும் கிறிஸ்தவ முதலாளிகளுக்கு: உட்கார ஒரு முக்காலி போடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தோத்திரம்.

துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று தொழில் நடத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எங்களோடு ஆராதிக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சபையில் வளர்ந்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரு துணிக்கடையில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது வேறொரு கடையில் சேலை செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். என் பொறுப்பில் பதினான்கு பெண்கள் இருக்கிறார்கள்.

நான் முதலில் வேலை பார்த்த கடையின் முதலாளி கிறிஸ்தவர். பக்தியுள்ளவர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கேஷ் கவுண்டர் முன்னால் எல்லாரும் வரிசையாக நிற்போம். ஒரு பாட்டு, ஒரு வசனம், பிறகு அவர் ஜெபம் பண்ணுவார். பல நாள் கண்ணீரோடுதான் ஜெபிப்பார். ஆமென் சொல்லிவிட்டு அவரவர் இடத்துக்குப் போனால், மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற இருபது நிமிஷம் தவிர, ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்க வேண்டும். கடையில் ஆளே இல்லாத மூன்று மணிக்கும் உட்காரக் கூடாது. தூணில் லேசாகச் சாய்ந்தால் போதும், கேமராவில் பார்த்துவிட்டு மேலேயிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். அவர் ஆம்பளை. கேட்கக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்ததும் நாங்கள் செய்கிற முதல் காரியம் ஒன்று உண்டு. பாயை விரித்து, சுவரை ஒட்டிப் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைப்போம். எட்டுப் பேரும் வரிசையாக அப்படித்தான் கிடப்போம். பக்கத்தில் படுத்திருந்தவளுடைய கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்து, முடிச்சு முடிச்சாக முறுக்கிக்கொண்டு நிற்கும். விரலால் அமுக்கினால் குழி விழும். அந்தக் குழி மேலே வர நேரமாகும். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தீபாவளி சீசன் முடிந்த வாரம் செருப்பு போட முடியாமல் வெறுங்காலோடு பஸ் ஏறி ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. பிடித்து வைத்திருந்த ஒரு மாதச் சம்பளமும் அவள் கைக்கு வரவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் எங்கள் முதலாளி கொடுத்த காணிக்கைக்காகச் சபையில் நன்றி சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அன்றைக்கு ஜெபிக்க வாய் வரவில்லை.

ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை நீங்கள் எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள். அறுப்புப் பண்டிகைக்கு அதில்தான் பிரசங்கம் வைப்பார்கள். வேலைக்கு வந்த பிறகு நான் அதை வேறு கண்ணால் வாசித்தேன். வயலின் சொந்தக்காரனான போவாஸ் வயலுக்குள் வரும்போதே அறுக்கிறவர்களைப் பார்த்து, "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" என்கிறான். நம்முடைய காலை ஜெபமும் அந்த வாழ்த்தைப் போலத்தான். ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. அந்நிய தேசத்திலிருந்து வந்து கதிர் பொறுக்கின மோவாபியப் பெண் ரூத்தை யாரும் தொடக் கூடாது என்று வேலைக்காரருக்குக் கட்டளை கொடுக்கிறான். தாகம் எடுத்தால் வேலைக்காரர் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறான். யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். சாப்பாட்டு வேளையில் அவளை அறுக்கிறவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, தன் கையாலேயே வறுத்த கோதுமையை எடுத்துக் கொடுக்கிறான். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு மீதியும் வைக்கிறாள்.

ஏழாம் வசனத்தில் இன்னொன்று இருக்கிறது. காலையிலிருந்து வயலில் கதிர் பொறுக்கியவள், இப்போதுதான் கொஞ்ச நேரமாகக் குடிசைக்கு வந்திருக்கிறாள் என்று கண்காணி சொல்கிறான். பெத்லெகேமில் வாற்கோதுமை அறுத்த அந்த வயலில் ஒதுங்கி இருக்க ஒரு குடிசை இருந்திருக்கிறது. அவள் அதற்குள் போனதற்காக யாரும் அவளைக் கூப்பிட்டு விரட்டவில்லை. இந்த ஒரு வரிக்கு நான் பிரசங்கம் கேட்டதேயில்லை.

நம்முடைய அரசாங்கம் இந்தக் குடிசையைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு கடையிலும் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் திருத்தம். கேரளத்தில் 2018-லேயே இதைக் கொண்டுவந்தார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் தெருவில் நின்று போராடிய பிறகு கிடைத்தது அது. சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், முக்காலி போடாத கடைகளில் விசுவாசிகளுடைய கடைகளும் இருக்கின்றன. சில இடங்களில் இன்ஸ்பெக்டர் கண்ணுக்காக இரண்டு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் சேலை பண்டலை அடுக்கியிருக்கிறார்கள். என் கண்ணால் பார்த்தேன்.

வாடிக்கையாளர் வரும்போது பிள்ளை உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே என்று நீங்கள் கேட்பீர்கள். என் செக்‌ஷனில் கவுண்டருக்குப் பின்னால் ஆறு ஸ்டூல் இருக்கிறது. ஆள் வந்தால் எழுந்துவிடுவார்கள், அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வருகிற கல்யாண வீட்டுக்காரருக்கு எண்பது சேலையை முகம் சுளிக்காமல் எடுத்துப் போட அவர்களால் முடிகிறது. கால் வலியோடு நிற்கிற பிள்ளைக்கு அது முடியாது. நான் அந்தப் பிள்ளையாக இருந்திருக்கிறேன்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயரைப் பற்றி நம் சபைகளில் பெருமையாகப் பேசுகிறோம். 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், தமக்கு மேலே இருந்த வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேராக அவர் ஒன்று கேட்டார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், சிநேகிதரைத் தாருங்கள் என்றார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்தவர்களிடம், கூட உட்காரும் மனசைக் கேட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கு முதலாளி நாற்காலியில் நாமே இருக்கிறோம். நம் ஊர் அசனத்தில், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் விருந்தில், முதலாளியும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அந்தப் பந்தியைத்தான் கடைக்குள்ளும் கேட்கிறேன்.

காலை ஜெபத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. என் பொறுப்பில் வேலை பார்க்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்து, இரண்டு பேர் முஸ்லிம். ஜெபத்துக்கு வராதவளுக்கு மதிப்பெண் குறையும் என்கிற பயம் அவர்களுக்கு இருக்கக் கூடாது. நின்றால் நிற்கட்டும், வராவிட்டால் அட்டெண்டென்ஸில் கை வைக்காதீர்கள். போவாஸ் ரூத்தைப் பார்த்து வணக்க முறையை விசாரித்துவிட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை.

சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் சொல்கிறது. அந்தப் பெண்ணுடைய ஒரு மாதச் சம்பளம் இப்போது எத்தனை விடியற்காலத்தைக் கண்டிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அதைப் போல யாருடைய பணமாவது உங்கள் கணக்குப் புத்தகத்தில் கிடந்தால், இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தேடிப் போய்க் கொடுத்துவிடுங்கள். முகவரி ஹாஸ்டல் ரெஜிஸ்டரில் இருக்கும்.

யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் பந்தியைவிட்டு எழுந்து, இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீஷருடைய காலைக் கழுவினார். காலைத் தொட்டால்தான் அது எவ்வளவு தூரம் நடந்தது, எங்கே வெடித்திருக்கிறது என்று தெரியும். உங்கள் பிள்ளைகளுடைய காலை நீங்கள் கழுவ வேண்டாம். ஒரு நாள் ராத்திரி கடை சாத்திய பிறகு ஹாஸ்டலுக்கு உங்கள் வீட்டு அம்மாவை அனுப்பி, அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

என் செக்‌ஷனுக்கு ஸ்டூல் வந்த முதல் நாள், புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை வெகு நேரம் உட்காரவே இல்லை. கேமராவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் அவளும் உட்கார்ந்தாள், நுனியில்.

உங்கள் சகோதரி,
ஒரு துணிக்கடைப் பணியாளர்