நாலாம் நாளில் பாட்டிலில் அடைக்காதே

லெனேசியா,
வியாழன் இரவு

அன்புள்ள மணி,

நீ அனுப்பிய படம் வந்தது. வீட்டில் காய்ச்சுகிற உன் முதல் பீருக்கு 750 மில்லி குவார்ட் பாட்டிலெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாய், மூடி அடிக்கும் கருவிகூடத் தயார். வாளி மூடியில் வாயு வெளியேறுகிற ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, சனிக்கிழமை அடைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடைக்காதேடா. போனில் நாலு வரியில் சொன்னால் நீ கேட்கமாட்டாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் சுகம். பாப்பாக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. மற்ற கதை பிறகு.

முதலில் அந்தக் குமிழியை மறந்துவிடு. பிளாஸ்டிக் வாளியின் மூடி எங்காவது கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தால் வாயு அந்த வழியாகப் போய்விடும், ஏர்லாக் சும்மா நிற்கும். புதன் ராத்திரி டர்பனில் மழை பெய்து குளிர்ந்தது என்றாய். குளிர்ந்தால் வாளிக்குள் இருக்கும் வாயு சுருங்கும், அப்போதும் குமிழி நிற்கும். மறுநாள் வெயில் ஏறினால் நொதித்தல் முடிந்த பீரிலும் குமிழி வரும். பீரின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் சொல்வதுதான் கணக்கு; சர்க்கரை தீரத் தீர அந்த எண் இறங்கும்.

உன் கணக்கையே பார்ப்போம். 1.7 கிலோ மால்ட் சாறு டின், ஒரு கிலோ சர்க்கரை, 23 லிட்டர் தண்ணீர். தொடக்கத்தில் 1.040, இன்று 1.018. இன்று எடுத்தபோது சூடு 28 டிகிரி என்று நீயே எழுதியிருக்கிறாய். ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்குச் செய்தது, 28இல் இரண்டு புள்ளி, அதாவது 0.002, குறைத்துக் காட்டும். ஆகவே உண்மை அளவு 1.020. இந்த வகை பீர் 1.008, 1.010 பக்கம் இறங்கித்தான் நிற்கும். இன்னும் பத்துப் புள்ளி பாக்கி. ஒரு புள்ளிக்கு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் சர்க்கரை என்று வை: லிட்டருக்கு இருபது கிராம் உள்ளே அப்படியே கிடக்கிறது. பாட்டிலில் நுரை வருவதற்கு நாம் போடுவதே லிட்டருக்கு ஆறு கிராம்தான். அதைப்போல மூன்று மடங்கை மூடிக்குள் வைத்து, மேலே இன்னொரு ஆறு கிராம் சேர்த்து, டர்பன் வெயிலில் கராஜில் அடுக்கப்போகிறாய். கண்ணாடி தாங்காது. பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதை நினைத்துக்கொள்.

டின்னோடு வந்த தாளில் நாலு முதல் ஆறு நாள் என்று போட்டிருக்கிறதே என்பாய். ஈஸ்ட் அந்தத் தாளைப் படிப்பதில்லை. முதல் மூன்று நாளில் அது சர்க்கரையை அவசரமாகத் தின்னும். அப்போது பச்சை ஆப்பிள் வாடை தருகிற ஒரு பொருளையும், வெண்ணெய் வாடை தருகிற இன்னொன்றையும் பீரில் விட்டுவிடும். சர்க்கரை தீர்ந்த பிறகுதான் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வெளியே நுரையும் இல்லை, குமிழியும் இல்லை, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அந்த நாட்களில்தான் பீர் பீராகிறது. பக்கத்து வீட்டு அம்மா சோளத்தில் காய்ச்சுகிற உம்கோம்போதி மூன்று நாளில் தயார் என்று நீ சொல்வது சரிதான். அது நொதித்துக்கொண்டிருக்கும்போதே குடிக்கிற பானம், புளிப்பும் அதில் வேண்டியதுதான். அதை யாரும் மூடி அடித்துப் பூட்டிவைப்பதில்லை.

இப்போது செய்யவேண்டியது. ஞாயிறு காவடிக்குக் கொடியேற்றம். விரத வீட்டில் அந்த வாளி இருக்கக்கூடாது என்று வீட்டில் சொல்வது நியாயம். கராஜுக்கு மாற்று, ஆனால் குலுக்காமல் தூக்கு. தகரக் கூரை மத்தியானத்தில் கொதிக்கும். அகலமான தொட்டியில் வாளியை வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்று. இரண்டு லிட்டர் கூல்ட்ரிங்க் பாட்டிலில் ஐஸ் கட்டி, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாற்றிப் போடு. ஈரத்துணி சுற்றுகிற வழி எங்கள் ஜோஹன்னஸ்பர்க் வறண்ட காற்றுக்கு நன்றாக வேலை செய்யும், டர்பன் ஈரக்காற்றில் பெரிதாகப் பலன் இல்லை. இந்தக் கட்டத்தில் 22, 23 டிகிரி போதும், ஏறி இறங்காமல் இருந்தால் சரி. முதல் மூன்று நாள்தான் 18 முதல் 20க்குள் பிடித்திருக்கவேண்டும். நொதிக்கும்போது உள்ளே இருக்கிற சூடு அறையைவிட மூன்று நாலு டிகிரி கூடுதலாக இருக்கும், அந்தச் சூட்டில்தான் தொண்டையில் எரியும் கனமான ஆல்கஹால் உண்டாகிறது. அடுத்த தடவைக்கு ஞாபகம் வை.

மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. வாளியின் குழாய் வாயைச் சானிடைசர் போட்டுத் துடைத்து, நூறு மில்லி பிடி. இரண்டு கிளாஸில் மாற்றி மாற்றி ஊற்றி வாயுவை வெளியேற்று, இல்லாவிட்டால் குமிழி ஹைட்ரோமீட்டரில் ஒட்டித் தூக்கிக் காட்டும். விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து அடி வளைவைப் படி. பிடித்ததை வாளியில் திரும்ப ஊற்றாதே. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஒரே எண் வந்தால்தான் முடிந்தது. அதுவும் 1.010 பக்கத்தில் வரவேண்டும். 1.020லேயே நின்றுவிட்டால் அது முடிவு இல்லை, தூங்குகிறது. வாளியை மெதுவாகச் சுழற்றி, ஐஸ் போடுவதை ஒரு நாள் நிறுத்திச் சூட்டைக் கொஞ்சம் ஏறவிடு. கரண்டி விட்டுக் கலக்கினால் காற்றுப் புகுந்து அட்டைப்பெட்டி வாடை வரும்.

விரதத்தில் நாக்கில் வைக்கமுடியாதே என்று கவலைப்படாதே, மூக்கு போதும். எண் நின்ற பிறகு இரண்டு கிளாஸ் எடு. ஒன்றை மூடி, அறுபது எழுபது டிகிரி வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்து ஆறவிடு. மற்றதோடு சேர்த்து முகர்ந்து பார். சூடாக்கியதில் வெண்ணெய் வாடை வந்தால் இன்னும் மூன்று நாள் விடு. மண்டியின் மேல் இரண்டு மூன்று வாரம் இருந்தால் பீர் கெட்டுவிடாது, அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

காவடி இறக்கி, மறுநாள் அடை. மண்டி போக 21 லிட்டர் வரும். 126 கிராம் சர்க்கரையை ஒரு கப் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, அடைக்கிற வாளியில் முதலில் ஊற்றி, அதன்மேல் பீரைச் சலசலக்காமல் இறக்கு. 28 குவார்ட் ஆகும். திருகு மூடி மெல்லிய பாட்டிலை ஒதுக்கிவிடு. பிறகு வீட்டுக்குள் குளிர்ந்த அறையில் இரண்டு வாரம், ஃபிரிஜ்ஜில் இரண்டு நாள்.

அப்படியென்றால் பையனின் 21ஆம் பிறந்தநாளுக்கு இது வராது. தெரியும். அந்தப் பந்தலுக்குக் கடைப் பீர் வாங்கு, உன் மச்சான் எப்படியும் எதைக் கொடுத்தாலும் குறை சொல்வான். பையனுக்கு உன் கையால் முதல் பாட்டில் கொடுக்கவேண்டும் என்கிற ஆசை எனக்குப் புரிகிறது மணி. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அது நல்ல பாட்டிலாக இருக்கட்டும்.

கோடையில் நாலைந்து நாளில் நொதித்தல் முடியவேண்டுமென்றால் நார்வேக்காரர்களின் க்வைக் ஈஸ்ட் இருக்கிறது, 30, 35 டிகிரியிலேயே சுத்தமாக வேலை செய்யும். அதற்கும் ஹைட்ரோமீட்டர் சோதனை உண்டு, பாட்டிலில் இரண்டு வாரமும் உண்டு. லாகர் பேச்சை எடுக்காதே; 10, 12 டிகிரியும் ஆறு எட்டு வாரமும் கேட்கும், ஃபிரிஜ் தனியாக வாங்கிய பிறகு பார்க்கலாம்.

ஞாயிறு காலை ஒரு அளவு, புதன் காலை ஒரு அளவு. சூட்டோடு சேர்த்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
குணா

பி.கு.: அடைக்கும்போது ஒரு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலிலும் நிரப்பி வை. தினம் அமுக்கிப் பார். கல் மாதிரி இறுகினால் வாயு ஏறிவிட்டது. முதல் வாரத்துக்குள்ளேயே அப்படி இறுகினால் எல்லாவற்றையும் உடனே ஃபிரிஜ்ஜுக்கு மாற்றிவிட்டு எனக்குப் போன் போடு.