அமுக்குவான் பேய் கட்டுக்கதை மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆதாரமே இல்லாமல் பேயை நம்புகிறார்களே என்று படித்தவர்கள் பலர் சலித்துக்கொள்கிறார்கள். நம்புகிறவர்களைக் கேட்டால், தங்கள் உடம்பே சாட்சி என்பார்கள். அமுக்குவான் பேயை எடுத்துக்கொள்ளுங்கள். திடீரென்று விழிப்பு வருகிறது. கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை, கத்த நினைத்தால் குரல் எழும்பவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த கனம். சிலருக்குக் கதவோரம் கறுப்பாக ஓர் உருவம்கூடத் தெரியும். இதை அனுபவித்தவரிடம் ‘எல்லாம் பிரமை’ என்றால் எப்படி ஏற்பார்?

கனவு வரும் தூக்கத்தில் மூளை கைகால் தசைகளைத் தளர்த்தி வைத்துவிடும். கனவில் ஓடுகிறவர் நிஜத்தில் எழுந்து ஓடாதது அதனால்தான். அந்தத் தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகிறது. கனவும் முழுதாகக் கலைந்திருக்காது. பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கு அதிகம் வரும்.

அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் வெல்லவில்லை. நல்ல சவால்தான். ஆனால் இரவில் வியர்த்து எழுந்தவருக்கு அதில் விளக்கம் இல்லையே!

நைட் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளை மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு தூக்க மருத்துவரை இதைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள். அடிக்கடி வந்தால் யாரைப் பார்ப்பது என்பதையும் சேர்த்து.

– வாசகி, திண்டுக்கல்