கார் நிகழ்ச்சிச் சண்டை: குழுவினர் கவனத்துக்கு

நண்பர்களே, பிபிசியின் கார் நிகழ்ச்சியான டாப் கியர் பற்றிய பேச்சு நேற்று ராத்திரி கைகலப்பு ரேஞ்சுக்குப் போய்விட்டதால் இதை எழுதுகிறேன். 2015-ல் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் போனதோடு எல்லாம் முடிந்தது என்பவர்களும், பின்னால் கிரிக்கெட் வீரர் ஃபிளின்டாஃப் தொகுப்பாளராக வந்த பிறகும் நன்றாகத்தான் இருந்தது என்பவர்களும் தாராளமாக வாதாடுங்கள், ஆனால் 2022 டிசம்பரில் படப்பிடிப்பில் அவருக்கு அடிபட்டதை வைத்து மீம் போட்டால் உடனே அழித்துவிடுவோம்.

என்னைக் கேட்டால், 2009-ல் வந்த பொலிவியா பயண எபிசோடில் கிளார்க்சனின் சக தொகுப்பாளர் ஜேம்ஸ் மே ஓட்டினாரே சின்ன சுசுகி (நம் ஜிப்ஸிக்குப் பங்காளி), அதைச் சேற்றிலும் மலையிலும் தள்ளிக்கொண்டு கிளார்க்சன், மே, ஹாமண்ட் மூவரும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டே போனதில் காரைவிட ஆட்கள்தான் விஷயம். மைலேஜும் டிக்கி அளவும் இப்போது யூடியூபிலேயே கிடைக்கிறது, அதற்காக யார் டிவி முன்னால் உட்காரப்போகிறார்கள்? டாப் கியரை விட்டபின் அமேசானில் நடத்திய தி கிராண்ட் டூர் நிகழ்ச்சியிலிருந்தும் அந்த மூவரும் 2024-ல் விடைபெற்றுவிட்டார்கள்.

அப்புறம், நம் தமிழ் ரிவ்யூக்காரர்கள் காலி ரோட்டை விட்டுவிட்டு, குடும்பத்தையும் மூட்டையையும் ஏற்றி, முன்னால் லாரி ஊர்ந்து போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று காட்டினால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

ஓசூர் கம்பெனிகளில் இருப்பவர்களே, வெளிவராத மாடல் படங்களை இங்கே போடாதீர்கள், வேலைக்கு உலை வைத்துவிடும். பதினொரு மணிக்கு மேல் வாய்ஸ் மெசேஜும் வேண்டாம்.