டியூப் எடுத்த பிறகும் கூட நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மார்பகக் கட்டியை அறுவையில் எடுத்துவிட்டு, அது இருந்த இடத்துக்குள்ளேயே கதிர்வீச்சு பெற்றுக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து எழுதும் மடல் இது. டாக்டர்கள் பிராக்கிதெரபி என்பார்கள். வார்டில் எல்லாரும் சொல்வது உள் கரண்ட். யார் பெயரையும் இதில் போடவில்லை. செய்த வேலையைச் சொன்னாலே உரியவர்களுக்குத் தெரிந்துவிடும். நன்றி என்று ஒரு வரியில் முடிக்காமல், என்ன செய்தீர்கள், அது எதனால் பயன்பட்டது என்று விவரமாக எழுதுகிறோம். அடுத்து அதே கட்டிலுக்கு வருகிறவரின் வீட்டார் படித்தால் அவர்களுக்கும் உதவும்.

முதல் வணக்கம், கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் பிசிசிஸ்டுகளுக்கு. நோயாளிகள் உங்களைப் பார்ப்பதே குறைவு. மார்புக்குள் இரண்டு மூன்று அடுக்காகப் பதினைந்து, இருபது மெல்லிய பிளாஸ்டிக் டியூப்கள் ஓடும். ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டு முனையிலும் பட்டன் போல ஒரு பூட்டு. சிடி ஸ்கேன் பார்த்து, எந்த டியூபில் எந்தப் புள்ளியில் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் நீங்கள். தோலுக்கு மிக அருகில் அதிக நேரம் நின்றால் தோல் கெடும். ஆழத்தில் குறைந்தால் கட்டி இருந்த இடத்துக்குச் சேர வேண்டியது சேராது. ஏழாம் எண் டியூபில் மாட்ட வேண்டிய கேபிளை எட்டாம் எண்ணில் மாட்டிவிட்டால் போட்ட கணக்கெல்லாம் பாழ். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒருவர் எண்ணை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் டியூபைத் தொட்டுப் பார்த்து ஆமாம் சொன்னீர்கள். பார்க்கிறவர்களுக்கு அது சடங்கு போலத் தெரியும். அந்தச் சடங்கில் ஒரு முறைகூட நீங்கள் அவசரம் காட்டவில்லை.

“முன்னே வந்தவருக்குப் பத்து நிமிஷத்தில் முடிந்ததே, இவருக்கு ஏன் இருபது?” என்ற கேள்விக்கு நின்று பதில் சொன்னதற்கும் நன்றி. டியூப்களின் எண்ணிக்கையும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். அதோடு இரிடியத்தின் வீரியம் சுமார் 74 நாளில் பாதியாகிவிடும். வீரியம் பாதியானால் அதே அளவு கொடுக்க இரண்டு மடங்கு நேரம் நிறுத்த வேண்டும். நேரம் கூடினாலும் உடம்பில் சேரும் அளவு அதேதான். இது தெரியாமல் ராத்திரி முழுக்கக் கவலைப்பட்ட வீட்டார் உண்டு.

டெக்னீஷியன்களுக்கு. பொதுவாக ஒரு முறைக்கு 3.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நாளில் பத்து முறை, மொத்தம் 34 கிரே. ஐரோப்பாவில் 4 கிரே வீதம் எட்டு முறை கொடுக்கும் வழக்கமும் உண்டு. எந்தக் கணக்கானாலும் ஒரே நாளின் இரண்டு முறைக்கும் நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விட வேண்டும். நல்ல திசுக்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும் அவகாசம் அது. காலையில் மெஷின் தாமதமாகி ஒன்பதரைக்கு முடிந்தால், சாயங்காலம் மூன்றரைக்கு முன்னால் கூப்பிட மாட்டீர்கள். ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும், சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று கெஞ்சிய உறவினர்களிடம் நீங்கள் மசியவில்லை. அப்போது முணுமுணுத்தவர்களும் இந்த மடலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அறைக்குள் நோயாளி தனியாகத்தான் இருக்க வேண்டும். கேமராவில் பார்த்துக்கொண்டே மைக்கில் “அம்மா, இப்போ நாலாவது டியூப், இன்னும் பதினொண்ணு” என்று எண்ணிச் சொன்ன குரல் பெரிய துணை. கதிரியக்கக் கம்பி போவதற்கு முன்னால் வெறும் கம்பி ஒன்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். டியூப் எங்காவது மடிந்திருந்தால் வெறும் கம்பி அங்கேயே முட்டி நிற்கும், மெஷின் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் ஏதோ விபரீதம் என்று நினைத்து எழுந்து உட்காருவதுதான் ஆபத்து. கையைச் சற்று நகர்த்தி மடிப்பை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதையும் நீங்கள்தான் வந்து செய்ய வேண்டும்.

சிஸ்டர்கள் செய்ததற்கு எவ்வளவு எழுதினாலும் தகும். இரண்டாம் மூன்றாம் நாளில் மார்பு வீங்கும். முதல் நாள் தளர்வாக இருந்த பட்டன் அப்போது தோலில் பதியும். கவனிக்காமல் விட்டால் அடியில் புண்ணாகும். தினமும் ஒவ்வொரு பட்டனையும் லேசாகத் தூக்கிப் பார்த்து, அடியில் காஸ் துணியை நுழைத்து, கசிவு எந்த நிறம் என்று குறித்தீர்கள். தெளிந்த மஞ்சளோ இளஞ்சிவப்போ இருந்தால் சரி. கலங்கிக் கெட்டியாகி வாடை அடித்தால் உடனே டாக்டருக்குப் போன். ஒரு டியூப் கொஞ்சம் வெளியே வந்தது போலத் தெரிந்தால் யாரும் அதைத் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது என்று துணைக்கு வந்தவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னீர்கள். வெளியே இருந்த பகுதி உள்ளே போனால் கிருமியும் கூடவே போகும். நகர்ந்த டியூபை அளந்து, வேண்டுமானால் புதிதாக ஸ்கேன் எடுத்துக் கணக்கை மாற்ற வேண்டியது பிசிசிஸ்டின் பாடு.

அந்த ஐந்து நாளும் மேலுக்குக் குளியல் கிடையாது. இடுப்புக்குக் கீழே தண்ணீர், மேலே ஈரத் துண்டு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கட்டு நனையாமல் தலை அலசிவிட்ட வார்டு அக்காக்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. இது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.

இனி வீட்டுக்காரர்கள். முதலில் உடுப்பு. முன்பக்கம் பட்டன் வைத்த, இரண்டு சைஸ் பெரிய பருத்திச் சட்டைதான் வசதி; வீட்டு ஆண்களின் பழைய சட்டை புதிதை விட மேல், துவைத்துத் துவைத்து மெத்தென்றிருக்கும். ஜிப் வைத்த நைட்டி வேண்டாம், ஜிப்பில் காஸ் மாட்டும். புடவைதான் என்றால் சேஃப்டி பின் கூடவே கூடாது. தாலிச் செயின் ஸ்கேன் படத்தில் கோடு கோடாக விழும், டியூபிலும் சிக்கும். அதைக் கழற்ற வேண்டும் என்று சொன்னதும் எதிர்க்கேள்வி கேட்காமல் மஞ்சள் கயிறு வாங்கி வந்த மாமியார்களே, உங்களுக்கு நன்றி. சாஸ்திரம் பேசி அங்கே ஒரு சண்டை வந்திருந்தால் சிகிச்சைக்கு முந்திய நாளே கண்ணீரில் போயிருக்கும்.

டியூப் எடுப்பது பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. ஒரு பக்கத்துப் பட்டனை வெட்டிவிட்டு மறுபக்கமாக உருவிவிடுவார்கள். அரை மணி முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்கலாம். ரத்தம் கசிந்தால் காஸை வைத்துச் சில நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நொடிக்கு ஒரு தரம் திறந்து பார்த்தால் நிற்காது. இதற்கு முன்னால் ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் மாதிரி மாத்திரைகளைக் கேட்காமல் போடாதீர்கள் என்று எச்சரித்த மருந்துக்கடைத் தம்பிக்கும் நன்றி.

வீடு திரும்பிய அன்றே பேரக்குழந்தையைத் தூக்கி மடியில் வைத்த மகள்களை மறக்க முடியாது. கம்பி ஒவ்வொரு முறையும் மெஷினின் கவசப் பெட்டிக்குள் திரும்பிப் போய்விடுகிறது. உடம்பில் கதிரியக்கம் எதுவும் தங்குவதில்லை. தனித் தட்டு, தனி அறை, கர்ப்பிணி கிட்டே வரக் கூடாது என்பதெல்லாம் இதற்குப் பொருந்தாது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்களைச் சில நாள் தள்ளி இருக்கச் சொல்வார்கள். அதைக் கேள்விப்பட்டவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பத்தைத் தெருவுக்கே விளக்கிச் சொன்ன கிராம சுகாதார செவிலியருக்கு எங்கள் நன்றி. வீட்டு வாசலில் நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போனவர்களுக்கும் கோபமில்லாத ஒரு வணக்கம். அடுத்த தடவை உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போங்கள்.

இந்த மடல் எழுதியதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் ஐந்து நாளும் கூட்டத்துக்குக் குறைவில்லை. டியூப் எடுத்ததும் ‘எல்லாம் முடிஞ்சது’ என்று எல்லாரும் கலைந்துவிடுவார்கள். ஆனால் சோர்வு வந்து உட்காருவது அப்போதுதான். தோல் சிவப்பதும் கருப்பதும் சிகிச்சை முடிந்து ஓரிரு வாரத்தில்தான் கூடுகிறது. நம் நிறத்துக்கு டியூப் துளைகள் கரும்புள்ளிகளாக மாதக்கணக்கில் தெரியும். இரண்டாம் வாரத்திலும் தூக்குச் சட்டியில் சாம்பாரும் அவித்த முட்டையும் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைக்கு, அது எத்தனை சரியான நேரம் என்று தெரிந்திருக்குமோ என்னவோ. கத்தரிக்காய் ஆகாது, மீன் ஆகாது, புண் சீழ் கோக்கும் என்று சொல்லி வெறும் ரசச் சோறு போடாததற்கும் சேர்த்து நன்றி. ஆற வேண்டிய புண்ணுக்குப் புரதம் வேண்டும்: பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் துளைகள் மூடும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும்; கீரையும் வாழைத்தண்டும் நிறையத் தண்ணீரும் அதற்காக.

துளைகளில் மஞ்சள் பூசலாம், தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று வந்த யோசனைகளைப் பக்குவமாக மறுத்த பெரியம்மாக்களுக்கும் நன்றி. துளை மூடும்வரை பொடி, எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம். டாக்டர் சொன்னது மட்டும். ஆற்றிலும் குளத்திலும் இறங்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வந்தாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. வாரங்கள் கழித்தும் கிருமித் தொற்று வரலாம். அந்தப் போனை ராத்திரி பத்து மணிக்கும் எடுத்த டியூட்டி டாக்டர்களுக்கு எங்கள் வணக்கம்.

பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு. டியூப் இருக்கும்போது கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம்; விரல்களை மூடித் திறப்பதும் முழங்கையை மடக்கி நீட்டுவதும் போதும். டியூப் எடுத்தபின், நீங்கள் சரி என்ற நாளிலிருந்து சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறும் பயிற்சி. ஒரு வேளைக்கு ஐந்திலிருந்து பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. எட்டின உயரத்தில் சுவரில் பென்சில் கோடு போடச் சொன்னீர்களே, அது நல்ல வேலை. கோடு தினமும் ஏறாது. இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றுவிட்டு மூன்றாம் நாள் ஏறும். வலிக்கு அஞ்சிக் கையை மடியிலேயே வைத்திருந்தால் தோள் இறுகி, பிறகு பின்னல் போடவும் கை எட்டாமல் போகும். குடம் தூக்குவது, மாவு ஆட்டுவது, ஸ்கூட்டர் ஓட்டுவது எல்லாம் டாக்டர் அனுமதித்த பிறகு. அதுவரை குடத்தைத் தூக்கி வந்து வைத்த பையன்களே, நீங்கள் படித்துப் பெரிய ஆளாக வேண்டும்.

சில மாதம் கழித்து, சிலருக்கு ஒரு வருஷம் கழித்தும், சிகிச்சை நடந்த இடத்தில் கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்படும். கொழுப்புத் திசு செத்து இறுகியதாக இருக்கலாம், தழும்பாக இருக்கலாம். நோய் திரும்பிவிட்டது என்று அன்றே இடிந்துபோகவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று காட்டாமல் விடவும் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்த டாக்டர்களால் பலருடைய தூக்கம் பிழைத்தது.

நேரில் பார்க்க வாய்ப்பில்லாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 2004 முதல் 2009 வரை ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் 1184 பெண்கள், முழு மார்புக்கும் வெளியிலிருந்து கதிர்வீச்சா, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் உள்ளிருந்தா என்பதைக் குலுக்கலுக்கு விட்டு, ஆய்வில் சேர்ந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து அதே மார்பில் நோய் திரும்பியது உள்கதிர்வீச்சில் 1.44 சதவீதம், முழு மார்புக் கதிர்வீச்சில் 0.92 சதவீதம், பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை என்றார்கள் ஆய்வாளர்கள். ஆரம்ப நிலையில், சிறிய கட்டியோடு, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களில் பரவாமல் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. எல்லாருக்கும் பொருந்தாது, உங்களுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அது ஓரவஞ்சனை அல்ல. ஐந்தாறு வார வெளிக் கரண்ட், ஐந்து நாள் உள் கரண்டாகச் சுருங்கியதில் அந்தப் பெண்களுக்குப் பங்கு உண்டு.

ரயில்வே கவுண்டரில் இருந்த அண்ணனை விட்டுவிடக் கூடாது. சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரி கொடுக்கும் படிவம் வேண்டும். படிவத்தில் முத்திரை விழவில்லை என்று திருப்பி அனுப்பாமல், எங்கே போய் முத்திரை வாங்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக ரெக்கார்டு செக்‌ஷன் அம்மாவுக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கதிர்வீச்சு முடிந்தது’ என்று மட்டும் இருந்ததைப் பார்த்து, ஒரு முறைக்கு எத்தனை கிரே, எத்தனை முறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தப் பக்கம், எத்தனை டியூப் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, மூன்று நகல் எடுத்துக் கொடுத்தீர்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் நடுவில் முதல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும் இடத்தில் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒரு நகல் ஃபைலில், ஒன்று வீட்டில், ஒன்று மகன் போனில் படமாக இருக்கிறது.

நன்றியுடன்,
உள் கரண்ட் பெற்றவர்களும் வீட்டாரும்