பச்சையாக அரைத்துக் குடிக்கும் கீரை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பாலக்கீரையைக் கட்டுக்கட்டாக வாங்குகிறவர்கள் பலர், அதைப் பச்சையாக அரைத்துத் தினமும் வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் செய்கிறார்கள். ஆனால் பாலக்கிலும் தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் என்ற இயற்கையான வேதிப்பொருள் அதிகம். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து உருவாகுபவை. நம் ஊர் புழுக்கத்தில் வியர்வை கொட்டும். தண்ணீரும் குறைவாகக் குடித்தால் ஆபத்து இன்னும் கூடும்.

அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை. லெட்டூஸில் ஆக்சலேட் மிகக் குறைவு, நன்றாகக் கழுவினால் போதும். பாலக்கை வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஆக்சலேட் கணிசமாகக் குறையும். கூடவே தயிர் சேர்த்தால் அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்குப் பெரிய கவலை, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் முதியவர்கள்தான். கீரையில், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே நிறைய. திடீரென்று அதிகம் சாப்பிட்டால் மருந்தின் வேகம் குறையும். மருந்து கொடுக்கும் இடத்தில் பாலக், முருங்கை, பசலை என்று நம் கீரைகளின் பெயர் போட்டுத் தமிழில் ஒரு தாள் கொடுத்தால் என்ன?

– வாசகர், ஈசூன்