58 வளையங்கள்

மொன்றியல்
தை 18

அன்பின் யோகன்,

உன் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று உன் மனைவி தொலைபேசியில் சொன்னார். இந்தக் குளிர்காலம் முழுவதும் பனியில் சறுக்கும் ஸ்கீயைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை நீ காதில் வாங்கவில்லை என்றும் சொன்னார். கேட்டு நட, மச்சான்.

இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு ஒட்டாவாவில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மகன் இன்னும் படிப்பை முடித்தபாடில்லை. எனக்குப் பங்குனியோடு வேலையிலிருந்து ஓய்வு.

கார்த்திகையில் வந்த உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்தேன். "பனி விழுந்துவிட்டதா, பாதைக்கு எத்தனை தரம் போனாய்?" என்று கேட்டிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நம் ஸ்கீப் பாதை போய்விட்டது, யோகன். ஐப்பசியில் மரங்களை வெட்டிவிட்டார்கள்.

நீ 2004இல் வந்தபோது போனோமே, அதே பாதைதான். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் தொடங்கி, மேப்பிள் தோப்புக்குள் ஏறி, மலைமுதுகோடு போய், ஏரிக்கரையில் இறங்கும் ஒன்பது கிலோமீட்டர். ஏற்றத்தில் நீ கால்களை விரித்து வைத்து ஏறியதைப் பார்த்து என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நோர்வேயில் இதற்கு மீன்முள் என்று பெயர், திரும்பித் தடத்தைப் பார் என்று அவளுக்குக் காட்டினாய். பனியில் ஒரு பெரிய மீனின் முள் கிடந்தது. அவளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. ஏற்றத்தைக் கண்டால் இன்றும் "அப்பா, மீன்முள்" என்றுதான் சொல்வாள்.

என்னை ஸ்கீயில் ஏற்றியவனே நீதான். நோர்வேக்கு மாணவனாகப் போன முதல் குளிர்காலத்தில், "பனிக்கு மேல் புதையாமல் நடக்கப் பழகிவிட்டேன்" என்று நீலக் கடிதத்தில் எழுதினாய். நான் அப்போது ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குளிர்காலம் என்றால் எனக்கு இருட்டும் வழுக்கலும் மட்டும்தான். அங்கே சமையலில் இருந்த கியூபெக் பெரியவர் ஒருவரிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அடுத்த ஞாயிறு காலை தன் பழைய மரஸ்கீயோடு என் வாசலில் வந்து நின்றார். 1988 தை மாதம் அது. அந்தக் கொட்டிலும் தோப்பும் அவருடைய மைத்துனரின் காணி. நீல மெழுகை ஸ்கீயின் அடியில் பூசி, தக்கையால் தேய்த்து மழுப்பக் கற்றுத் தந்தவர் அவர். அன்று நான் பதினான்கு தரம் விழுந்தேன். ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது, இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதன்முறையாக, குளிர்காலம் சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து குளிர்காலம் அந்தப் பாதையில் போனேன். காணிக்காரர் ஒருநாளும் காசு கேட்டதில்லை. கொட்டிலின் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போகச் சொல்வார். அவர் இறந்தபின் பிள்ளைகள் காணியை விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; கோவிட் காலத்தில் மொன்றியலை விட்டு மலைக்குப் போக ஆசைப்பட்டவர்கள் அவ்வளவு பேர், காணி விலை அப்படி ஏறியிருந்தது. வாங்கிய நிறுவனம் விடுதியும் நீராவிக் குளியலும் அதைச் சுற்றி வாடகை வீடுகளும் கட்டுகிறது. மலைமுதுகில் கார் போக வீதி. தோப்பு இருந்த சரிவில் விருந்தினர் சறுக்கி விளையாட ஓர் அகலமான வெட்டவெளி.

மொன்றியலுக்கு வடக்கே, நம் பாதை இருந்த இந்த லோரன்ஷியன் மலைகளின் ஸ்கீப் பாதைகளுக்குப் பெரிய கதை உண்டு. அதில் முக்கியமானவர் உங்கள் நாட்டுக்காரர் ஒருவர். ஹோர்ட்டனில் 1875இல் பிறந்த ஹெர்மன் ஸ்மித்-யொஹான்சன். பொறியியல் படித்து இயந்திரம் விற்க அமெரிக்கப் பக்கம் வந்தவர். 1929இன் பொருளாதார வீழ்ச்சியில் கையிலிருந்ததை இழந்து, இந்த மலைகளில் குடும்பத்தோடு எளிமையாக வாழ்ந்தார். பனியில் அவர் பாய்ந்து போகும் வேகத்தைப் பார்த்து கிறீ பழங்குடியினர் வைத்த பெயராம் 'ஜாக்ரபிட்', காட்டு முயல். கனடாவில் பிள்ளைகள் ஸ்கீ பழகும் வகுப்புக்கே இன்று அந்தப் பெயர்தான். என் மகளின் தொப்பியில் அந்த முயல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். 1930களில் அவர் கோடரியோடு காட்டுக்குள் போய், ஷாப்ரிட்ஜிலிருந்து லபெல் வரை ஏறக்குறைய 128 கிலோமீட்டருக்கு 'மேப்பிள் இலைப் பாதை'யை உருவாக்கினார். ஊருக்கு ஊர் தங்கி ஸ்கீயிலேயே போகலாம். களைத்தால் அடுத்த நிலையத்தில் ரயிலேறி மொன்றியலுக்குத் திரும்பலாம். நூறு வயதைத் தாண்டியும் ஸ்கீயில் போனார். 1987இல், 111 வயதில் இறந்தார்.

அவருடைய அந்தப் பாதை இன்று துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. கயிறு வந்தபோதே அதன் கதை மாறத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும். 1930களின் தொடக்கத்தில் அதே ஷாப்ரிட்ஜில் ஒருவர் பழைய காரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, ஆட்களை மேலே இழுக்கத் தொடங்கினார். ஏறாமலே இறங்கலாம் என்றானது. 1939இல் மோன் ட்ரம்ப்லானில் இருக்கை லிஃப்ட் வந்தது. பிறகு நெடுஞ்சாலை. ஊரிலிருந்து ஊருக்குப் போவதற்கான பாதை தேவைப்படாமல் போய், ஒரே மலையில் பத்துத் தரம் இறங்குவதுதான் ஸ்கீ என்று ஆகிவிட்டது. ரயில் பாதை மட்டும் தப்பியது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, செயிண்ட் ஜெரோமிலிருந்து மோன் லோரியே வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டரைப் பூங்காவாக்கிவிட்டார்கள். அது ஏன் தப்பியது தெரியுமா? அந்த நிலம் ரயிலுக்கென்று எழுத்தில் இருந்தது. காட்டுப் பாதைகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லில் இருந்தன.

நம்மூர்க் காணி உறுதிகளை நினைத்துப் பார். எத்தனை பரப்பு, வடக்கே யார் காணி, கிழக்கே எந்த ஒழுங்கை என்று எல்லை சொல்லி, கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் சேர்த்து எழுதாமல் எந்த நொத்தாரிசு கையெழுத்து வைத்தார்? உங்கள் வளவுக்குப் பின்னால் தோட்டத்துக்குப் போன அந்த ஒற்றையடிப் பாதைக்காக உன் அப்புவும் என் பெரியப்பாவும் ஆறு வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். சின்ன வயதில் அது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு முழ அகல மண்ணுக்கு இவ்வளவு சண்டையா என்று நினைத்தேன். இப்போது அவர்கள் இருவரையும் கும்பிடத் தோன்றுகிறது. இலங்கையில் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் நடந்தாலே வழியுரிமை கேட்கலாம். இங்கே நான் முப்பத்தைந்து வருடக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு நொத்தாரிசிடம் போனேன். அவர் கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1181ஆவது பிரிவைத் திறந்து காட்டினார். எழுத்து இல்லாமல் வழியுரிமை உண்டாகாது. நினைவுக்கெட்டாத காலமாக அனுபவித்திருந்தாலும் அது போதாது. பிரெஞ்சில் இரண்டு தரம் வாசித்தேன். அவர் நல்ல மனிதர், காசு வாங்கவில்லை.

ஊர்க் கூட்டத்துக்கும் போனோம். பாதையில் போகிறவர்கள் பதினொரு பேர், அதில் எட்டுப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். என் பிரெஞ்சில் பேசினேன். காணியைப் பிரித்துக் கட்டும்போது பத்து சதவீதம் வரை பூங்காவுக்காக நிலமாகவோ பணமாகவோ கேட்க இங்குள்ள நகராட்சிகளுக்குச் சட்டத்தில் இடமுண்டு. நிலமாகக் கேளுங்கள், மலைமுதுகில் நான்கு மீட்டர் அகலம் போதும் என்றேன். பணமாக வாங்குவது என்று முன்பே முடிவாகிவிட்டதாம். விடுதி வரக்கூடாது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை, யோகன். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், எனக்குத் தெரியும். வீதியை முப்பது மீட்டர் கீழே இறக்கியிருந்தால் இரண்டும் இருந்திருக்கும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தேன். மலைமுதுகு தொடங்கும் இடத்தில் வளைந்து நின்ற மஞ்சள் பேர்ச் மரம் உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் கீழ் நின்றுதான் உன் கையுறையைத் தேடினோம். அதில் வழிகாட்டியாக யாரோ எப்போதோ ஒரு சிவப்புத் தகரத் தட்டை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். மரம் வளர வளரப் பட்டை அதன் விளிம்பை உதடுபோல மூடிக்கொண்டே வந்தது. நான் முதலில் பார்த்தபோது உள்ளங்கை அளவு சிவப்புத் தெரிந்தது. கடைசிக் குளிர்காலத்தில் ஒரு நாணயம் அளவுதான். அந்த மரம் தரையில் கிடந்தது. வாள் பிடித்திருந்த இளைஞனிடம், அந்தத் துண்டை மட்டும் எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. தகரத்துக்கு மேலும் கீழும் பார்த்துப் பார்த்து வெட்டி, என் காருக்குத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். தன் பாட்டன் இந்தப் பக்கம் ஸ்கீயில் போனவர் என்றான்.

அந்தக் கட்டை இப்போது என் மேசையில் இருக்கிறது. இழைத்துவிட்டு, பூதக்கண்ணாடி வைத்து, குண்டூசியால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஆணிக்கு வெளியே, வருடத்துக்கு ஒன்றாக, 58 வளையங்கள். மூன்று தரம் எண்ணினேன், மூன்று தரமும் 58. ஓரிடத்தில் நான்கைந்து வளையம் மயிரிழைபோல நெருங்கிக் கிடக்கிறது. அந்த வருடங்களில் மரம் ஏதோ கஷ்டப்பட்டிருக்கிறது.

உன்னிடம் 2011இல் வந்தபோது ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏறி, காட்டின் வாசலில் இறங்கினோமே, அந்த நாள் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஒரு விவசாயியின் வயல் நடுவே நீ போனபோது, யாரும் ஏசமாட்டார்களா என்று நான் தயங்கினேன். 1957இலிருந்து சட்டமே இருக்கிறது, குளிர்காலத்தில் தரை உறைந்தாலோ பனி மூடினாலோ வயலிலும் போகலாம் என்றாய். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டில் வீடு கட்டாமல் இருக்க 2009இல் தனிச் சட்டம் வந்ததையும் சொன்னாய். அப்போது ஒரு பயணச் செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஸ்மித்-யொஹான்சன் அந்த மண்ணிலிருந்து வந்தவர். காட்டில் நடக்க எழுத்து வாங்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காதோ என்னவோ.

ஏரிப் பக்கம் இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர் மிச்சமிருக்கிறது. அது ஐந்து பேருடைய காணி வழியாகப் போகிறது. அதே நொத்தாரிசு ஒரு பத்திரம் எழுதித் தந்திருக்கிறார். ஒவ்வொருவரும் ஒப்பமிட்டால் காணிப் பதிவேட்டில் ஏறிவிடும், பிறகு காணி கைமாறினாலும் வழி நிற்கும். இரண்டு பேர் ஒப்பமிட்டுவிட்டார்கள். ஒருவர் முடியாது என்றுவிட்டார், காரணம் சொல்லவில்லை. நான்காவது வீடு ஒரு வயதான அம்மா. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போன தரம் கொண்டுபோன வடை அவருக்குப் பிடித்திருந்தது, அதனால் மனைவி வெள்ளிக்கிழமையே உழுந்து ஊறப்போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். கட்டையையும் கொண்டுபோகிறேன்.

உனக்கு ஒரு வேலை. உங்கள் பக்கத்துக் காணிக்காரரும் ஸ்கீ மன்றமும் பாதைக்காகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஏதாவது உன் கையில் கிடைத்தால் அனுப்பு. நோர்வே மொழியில் இருந்தால் நீயே தமிழில் எழுதிவிடு, மிச்சத்தை மகள் பார்த்துக்கொள்வாள். விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற பகுதிதான் முக்கியம். ஐந்தாவது வீட்டுக்காரர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

முழங்காலைப் பார்த்துக்கொள். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்
குணம்